காடு அவளுக்கு, கடல் அவருக்கு, குகை இருவருக்கும்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, "காரில் கிளம்புகிற தம்பதிகள் ஏன் எப்போதும் மேற்கேயும் தெற்கேயுமே போகிறீர்கள், ஒரு தடவை விசாகப்பட்டினம் பக்கம் வண்டியைத் திருப்பிப் பாருங்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், தபாலிலும் மெயிலிலும் ஒரே அரக்குப் பள்ளத்தாக்கு, போரா குகை, விசாகப்பட்டினம். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், லடாக் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: கல்யாணமாகி நாலு வருஷம். எனக்குக் காடு, மலை, பனி வேண்டும். அவருக்குக் கடல் இருந்தால் போதும், அதோடு சமீபமாகக் குகை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறார். சொந்தக் கார் இருக்கிறது, சின்னதுதான். ஜனவரியில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் எட்டு நாள் லீவு. தேடித் தேடி நான் போட்ட பட்டியலில் இருபத்தேழு இடம் வந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
— வாசகி, தாம்பரம்

பதில்: பட்டியலை மடித்து டேஷ்போர்டில் போட்டுவிட்டு ஒரு ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் கோஸ்தனி. கிழக்குத் தொடர்ச்சி மலையில் அனந்தகிரி பக்கம் பிறந்து, போரா குகையை ஒட்டி ஓடி, கீழே இறங்கி, தாடிபூடி என்ற இடத்தில் அணையில் தேங்கி, கடைசியில் பீமுனிப்பட்டினத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. மொத்த நீளமே சுமார் 120 கிலோமீட்டர்தான். உங்களுக்கு வேண்டிய காடு, அவருக்கு வேண்டிய குகை, கடல் மூன்றும் இந்த ஒரே ஆற்றின் கரையில் இருக்கின்றன. ஆற்றிலிருந்து ரொம்ப விலகியிருப்பதையெல்லாம் பட்டியலில் அடித்துவிடுங்கள், இருபத்தேழு தானாகவே எட்டு ஒன்பதாகக் குறைந்துவிடும்.

முதலில் தேதி. பொங்கல் வாரத்தில் மட்டும் கிளம்பாதீர்கள். சங்கராந்திக்கு ஆந்திராவே சொந்த ஊருக்குத் திரும்புகிறது, விஜயவாடாவைத் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும், அரக்கில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவீர்கள். பண்டிகை முடிந்து இரண்டு மூன்று நாள் விட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலை 16, நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, ராஜமுந்திரி, அனகாபள்ளி என்று வடக்கும் வடகிழக்கும். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று யாராவது தோளைத் தட்டுவார்கள், கேட்காதீர்கள். முதல் நாள் விஜயவாடா வரை, சுமார் 450. விடியும் முன்னால் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம். ஊருக்குள் நுழைய வேண்டாம், கிருஷ்ணைக்கு இந்தக் கரையிலேயே உண்டவல்லி குடைவரை இருக்கிறது, பிரகாசம் அணையைத் தாண்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். மலையை அடுக்கடுக்காகக் குடைந்திருக்கிறார்கள், மேலே ஒரு தளத்தில் அனந்தபத்மநாபர் படுத்திருக்கிறார், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். பல்லவன் மகேந்திரவர்மனுக்குக் குடைவரை எண்ணமே இந்தக் கிருஷ்ணைக் கரையைப் பார்த்துத்தான் வந்தது என்று ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது, ஆனால் மாமல்லபுரம் பார்த்துப் பழகிய கண்ணோடு அங்கே போய் நின்றால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விளங்கும். உங்கள் கணவருக்குக் குகைக் கணக்கில் முதல் வரவு, மனிதன் குடைந்தது.

இரண்டாம் நாள் விசாகப்பட்டினம், 350 சொச்சம். வழியில் ராஜமுந்திரியில் கோதாவரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பக்கத்துத் தவளேஸ்வரத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனுக்கு அந்த ஊர்களில் சிலை வைத்து மாலை போடுகிறார்கள், அவர் அதற்கு முன்னால் நம் கொள்ளிடத்தில் கை பழகியவர். அனகாபள்ளிக்குப் பக்கத்தில் பொஜ்ஜன்னகொண்டா என்று ஒரு பௌத்தக் குடைவரை, நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லை. வெளிச்சம் மிச்சமிருந்தால் மட்டும் போங்கள். இரவு விசாகப்பட்டினத்தில் வெறுமனே தூங்குவதற்குத்தான், கடற்கரையைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் மலை. விசாகப்பட்டினத்தில் இருந்து அரக்கு 115 கிலோமீட்டர் வாக்கில். எல்லோரும் செய்கிற தப்பு இங்கேதான்: காலையில் கிளம்பி குகை, அருவி, தோட்டம், மியூசியம், மூங்கில் சிக்கன் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மூடுபனியில் தட்டுத் தடுமாறி இறங்குவது. நீங்கள் மேலே இரண்டு இரவு தங்குங்கள். அதில் ஒன்றாவது அரக்கு ஊருக்குள் இல்லாமல் அனந்தகிரிப் பக்கம் இருக்கட்டும். அரக்கு இப்போது கடைத்தெருவாகிவிட்டது, காடு வேண்டும் என்கிற உங்களுக்கு அனந்தகிரிதான் சரி. சிருங்கவரப்புக்கோட்டையில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு ஏற ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் தைடா, அப்புறம் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிற்கும், அவற்றின் மேல் மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. ஜனவரி பழம் பறிக்கிற பருவம், சாலையோரம் சாக்கு விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள், அதுதான் நீங்கள் கேட்ட காடு. பெரிய மிருகம் பார்க்கிற காடு இது இல்லை. புலி, யானை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

அன்று மாலையே குகைக்கு ஓடாதீர்கள். மறுநாள் காலை, திறந்தவுடன், முதல் கூட்டத்தோடு உள்ளே போங்கள் (பத்து மணி வாக்கில் திறக்கிறார்கள், மதியம் இடைவேளை உண்டு, தங்குமிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்). குகையைப் பற்றி அடுத்த கேள்விக்காரர் விவரமாகக் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன். குகை முடிந்ததும் அரக்குப் பள்ளத்தாக்கு. அங்கே பழங்குடி அருங்காட்சியகத்துக்கு நேரம் கொடுங்கள், பத்மாபுரம் தோட்டத்தை விட்டாலும் குற்றமில்லை. காலிகொண்டா காட்சி முனையில் நின்று பார்க்கலாம். வஞ்சங்கி மேகக் கடல், லம்பசிங்கி பனி என்று உங்கள் பட்டியலில் இருப்பவை இரண்டும் வேறு திசை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, இருட்டில் மலை ஏறி, ஆயிரம் பேர் செல்பேசியைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தில் பதினோராவது வரிசையில் நிற்க ஆசை இருந்தால் போங்கள்.

ஐந்தாம் நாள்தான் இந்தப் பயணத்தின் அழகே. வந்த வழியாக விசாகப்பட்டினத்துக்குத் திரும்பாமல், கீழே இறங்கியதும் ஆற்றோடு போங்கள். தாடிபூடி அணை 1960களில் கட்டியது, முன்னால் நீர், பின்னால் நீங்கள் இறங்கி வந்த மலை. விசாகப்பட்டினத்துக்குக் குடிநீர் போகிற இடங்களில் இதுவும் ஒன்று. அங்கிருந்து பத்மநாபம். மலைமேல் கோயில், ஆயிரத்துக்கும் மேல் படி, ஏறுவதும் ஏறாததும் உங்கள் முழங்கால் விருப்பம். 1794 ஜூலை 10 அன்று விஜயநகரம் ராஜா விஜயராமராஜு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதிச் செத்துப்போனது இந்த ஊரில்தான் (நம் ஹம்பி விஜயநகரம் இல்லை, விசாகப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்). வரி பாக்கியில் ஆரம்பித்த சண்டை. கட்டபொம்மன் தூக்குக்கு ஐந்து வருஷம் முந்தியது என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்துக் கம்பெனியின் வேலை முறை பிடிபடும்.

சாயங்காலம் பீமிலி. பீமுனிப்பட்டினத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த துறைமுகம், அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது, 1861லேயே நகராட்சி ஆன ஊர், இப்போது தூங்கி வழிகிறது. இரவு இங்கே தங்கிவிடுங்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய், மலையில் பார்த்த அதே தண்ணீர்தான் இது என்று காட்டுங்கள்.

ஆறாம் நாள் பீமிலியிலிருந்து விசாகப்பட்டினம் வரை கடற்கரைச் சாலை, முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் முழு நாளையும் கொடுங்கள். செம்மண் மேடுகள், தொட்லகொண்டா பௌத்த விகாரை, அதன் அடிவாரத்தில் மங்கமாரிப்பேட்டையில் கடல் அரித்த கல் வளைவு (அலை இறங்கியிருக்கும்போதுதான் பக்கத்தில் போக முடியும்), ருஷிகொண்டா கடற்கரை, கைலாசகிரி மலை. கடைசியில் ஆர்.கே. கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். 2001 வரை கடற்படையில் ஓடியது, மறு வருஷம் மணலில் இழுத்து வைத்து மியூசியமாக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். உள்ளே போய்விட்டு வந்தால் உங்கள் வீட்டு சமையலறை எவ்வளவு பெரியது என்று தெரியும். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் திரும்புவதற்கு. காக்கிநாடா பக்கத்துக் கோரிங்கா அலையாத்திக் காடு நல்ல இடம்தான், ஆனால் பிச்சாவரம் பார்த்தவர்கள் இந்தத் தடவை விட்டுவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகும், உள்ளிழுப்பு அதிகம், ஆர்.கே. கடற்கரையிலும் யாராடாவிலும் நீச்சல் தெரிந்த பையன்களே அடிக்கடி போய்விடுகிறார்கள். கால் நனைத்தால் போதும். இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று காட்டுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு லிஃப்டில் ஏறினாலே மூச்சு முட்டும். எனக்கு ஒரு கால் முட்டி சரியில்லை. போரா குகைக்குள் போகலாமா? அப்படி என்ன இருக்கிறது உள்ளே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மனைவி தாராளமாகப் போகலாம், நீங்கள்தான் யோசிக்க வேண்டும் சார். குகை என்றதும் ஊர்ந்து போகிற பொந்து என்று நினைத்துக்கொள்கிறோம். போரா அப்படி இல்லை, வாயே பிரம்மாண்டம், உள்ளே கல்யாண மண்டபத்தைவிட உயரமான கூடங்கள், மேலே ஒரு திறப்பு வழியாக வெயிலும் இறங்கும். மூச்சு முட்டுகிற குகை வேண்டுமென்றால் அதே ஆந்திராவில் நந்தியால் மாவட்டத்து பேலம். அளந்த நீளம் 3,229 மீட்டர், அதில் பாதியைத்தான் பார்க்க விடுகிறார்கள், பல இடத்தில் தலை குனிய வேண்டும், உள்ளே புழுக்கம். லிஃப்ட் ஆகாதவர்கள் அந்தப் பக்கமே தலை வைக்க வேண்டாம். போராவில் சில்லென்று ஈரமாக இருக்கும், பிரச்சினை படிகள்தான், ஏறி இறங்கி ஏறி இறங்கி, தண்ணீர் சொட்டிச் சில இடம் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். முதல் பெரிய கூடம் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டாலும் வந்ததற்குக் குறைவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், சுண்ணாம்புப் பாறையும் தண்ணீரும் காலமும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, சுண்ணாம்புப் பாறையின் இடுக்கில் இறங்கி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அப்படிக் கரைத்த தண்ணீர் குகைக் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு வெளியேறி, சுமந்து வந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. மேலிருந்து கீழே வளர்வது கல்விழுது, கீழே விழுந்த சொட்டில் இருந்து மேலே எழும்புவது கல்முளை, இரண்டும் சந்தித்துவிட்டால் தூண். விரற்கடை அளவு வளரவே நூற்றாண்டுக் கணக்காகும். அதனால்தான் தொடாதீர்கள் என்கிறார்கள், கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, வளர்ச்சி நின்றுவிடும். சிலர் அதில் பெயர் வேறு எழுதி ஒரு இதயமும் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஜோடிகள் இப்போது சேர்ந்து இருக்கிறார்களா என்பதே சந்தேகம்.

வழிகாட்டிகள் டார்ச் அடித்து இது சிவன் பார்வதி, இது தாயும் பிள்ளையும், இது முதலை, இது மனித மூளை என்று காட்டிக்கொண்டே போவார்கள். ஐந்து நிமிஷம் ரசிக்கலாம், அப்புறம் அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நீங்களே பாருங்கள். உள்ளே மேட்டில் ஒரு சுயம்பு லிங்கம், மலைவாழ் மக்கள் கும்பிடுவது. மேய்ந்துகொண்டிருந்த பசு மேலே இருந்த ஓட்டை வழியாக விழுந்துவிட, தேடி வந்தவன் குகையைக் கண்டான் என்பது கதை. ஆந்திரப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் இங்கே பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள், அதாவது பசு விழுவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்னாலேயே இங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. இன்னொன்று, குகைக்கு மேலேதான் ரயில் போகிறது. நீங்கள் கல்விழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே எங்கேயோ ஒரு சரக்கு வண்டி இரும்புத் தாதோடு துறைமுகத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

வெளியே குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டப் பையோடு நடக்காதீர்கள்.

கேள்வி: எனக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் வெளியூர் என்றால் அவர் ஸ்டியரிங்கை விடமாட்டார். போகவர இரண்டாயிரம் கிலோமீட்டரையும் ஒருவரே ஓட்டுவது சரியா? நீங்களே சொல்லுங்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: சரியே இல்லை. நீங்கள் திருச்சியிலிருந்து கிளம்பினால் இரண்டாயிரத்தையும் தாண்டும். அந்த நெடுஞ்சாலையில் மேடுபள்ளம் ஆபத்தில்லை, சலிப்புதான் ஆபத்து. நெல்லூருக்கும் ஓங்கோலுக்கும் நடுவே கோடு போட்டது போல நேராகப் போகும், சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கண் சொருகும், அந்த நேரத்தில் எதிரே தப்பான திசையில் ஒரு டிராக்டர் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றியே ஆக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாளே பேசி முடிவு செய்யுங்கள், சுங்கச்சாவடியில் வைத்துப் பேசினால் சண்டையில்தான் முடியும்.

மலைச் சாலையை யார் ஓட்டுவது என்பதற்கு ஆண் பெண் கணக்கு கிடையாது, கொல்லிமலையோ ஏற்காடோ ஓட்டிப் பழகியவர் ஓட்ட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைச் சாலை மரியாதை. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஹாரன். இருட்டிவிட்டால் அனந்தகிரி மலையில் ஓட்டவே வேண்டாம், டிசம்பர் ஜனவரியில் மூடுபனி இறங்கினால் பானெட் முனைகூடத் தெரியாது. அப்புறம் ஓட்டாதவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தரையில் இல்லாத பிரேக்கை மிதித்து "உஸ் உஸ்" என்று சத்தம் போடக்கூடாது. இதை உங்கள் வீட்டுக்காரருக்காகத்தான் எழுதியிருக்கிறேன், சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பச்சைப் பசேல் என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் போகலாமா?
— வாசகர், மதுரை

பதில்: ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மலை பச்சையாக இருக்கும், அருவிகள் முழுசாக விழும், உண்மைதான். ஆனால் சாலையில் மண் சரியும், குகையில் தண்ணீர் ஏறும், கட்டிகி அருவிக்கு ஜீப் போகிற பாதை சேறாகும். அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் புயல் காலம். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் நேராக விசாகப்பட்டினத்திலேயே கரையேறி ஊரைப் புரட்டிப்போட்டது. நான் சொல்வது நவம்பர் பின்பாதி. பச்சையும் மிச்சமிருக்கும், பள்ளத்தாக்கில் பேயெள்ளு என்ற எண்ணெய்வித்துப் பயிர் பூத்து வயலெல்லாம் மஞ்சளாக நிற்கும், குளிரும் ஆரம்பித்திருக்கும். வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கக் காசு கேட்பார்கள். கொடுங்கள், மிதிபடுவது அவர்கள் பயிர்.

சனி ஞாயிறு மட்டும் வேண்டாம். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அந்த மலைச் சாலையில் நிற்பதும் தி.நகரில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்பதும் ஒன்று.

கேள்வி: எர்ர மட்டி திப்பலு என்று செம்மண் மேட்டைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது, சிவப்பு மணல் வேண்டிய மட்டும் கிடக்கிறது. இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?
— வாசகர், திருச்செந்தூர்

பதில்: அருமையான கேள்வி ஐயா, இதைக் கேட்க உங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். இரண்டும் சொந்தக்கார மண். தெற்காசியாவில் கடற்கரையோரம் இந்தச் செம்மணல் மேடுகள் சேர்ந்து கிடக்கிற இடங்கள் என்று புவியியலாளர்கள் சொல்வதே நம் தேரி, இலங்கை, அப்புறம் இந்த விசாகப்பட்டினம்தான். கடைசிப் பனி யுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் கீழே போனபோது வெளியே கிடந்த மணலைக் காற்று வாரிக் கொண்டுவந்து குவித்தது, மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்தது, இதுதான் பொதுவான கதை.

ஆனால் பார்க்கிற பார்வைக்கு இரண்டும் வேறு. உங்கள் தேரி காற்றின் கையில் இருக்கிறது, மேடும் சரிவுமாக விரிந்து, நடுவே பனையும் முந்திரியும் அய்யனார் கோயிலும். விசாகப்பட்டினத்தில் ஓடைத் தண்ணீர் மண்ணை அறுத்து அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியிருக்கிறது, செங்குத்தான சிவப்புச் சுவர்களுக்கு நடுவே நடக்கலாம், திரும்பினால் கடல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவிப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்திருக்கிறது. அப்படி அறிவித்தும் ஓரங்களில் கட்டடங்கள் நெருங்கிக்கொண்டேதான் இருக்கின்றன, அது வேறு வயிற்றெரிச்சல். மேட்டின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், இறுகாத மண், காலடியில் பொலபொலவென்று உதிரும். மதிய வெயிலில் போனால் வெறும் செங்கல் சூளை மாதிரி இருக்கும், காலையில் போங்கள். பார்த்துவிட்டு வந்து உங்கள் தேரியை இன்னொரு தடவை சுற்றிப் பாருங்கள், நம் ஆட்கள் அதை மண் அள்ளுகிற இடமாக மட்டும் நினைக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஆந்திரா என்றாலே காரம், அரக்கு என்றாலே மூங்கில் சிக்கன் என்கிறார்கள். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: பட்டினியா? காலையில் இஞ்சிச் சட்னியோடு உப்புமா வைத்த பெசரட்டு, மத்தியானம் பப்பு, கோங்கூரா, புளிஹோரா, தயிர். வழியில் ஆத்ரேயபுரம் பூதரேக்குலு, காகிதம் போல மெல்லிய அரிசித் தாளில் சுற்றிய இனிப்பு. காரத்தை "தக்குவ" என்று சொல்லிக் குறைக்கச் சொல்லலாம், கேட்டுக்கொண்டு அதே காரத்தைத்தான் போடுவார்கள், கூடவே நெய்யும் கிடைக்கும், கலந்துவிடுங்கள். மலை மேல் தேர்வு குறைவு. சாலையோரக் கடைகளில் கோழிதான் பிரதானம், மசாலா தடவி மூங்கில் குழாயில் அடைத்து இலையால் வாயை மூடித் தணலில் போட்டு எடுப்பார்கள், எண்ணெய் கிடையாது, சாப்பிடுகிறவர்களுக்கு அது விருந்து. நீங்கள் அவல், பழம், தயிர்சாதப் பொடி ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரக்கு அராபிகாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மயிலாப்பூர் நாக்குக்கு முதலில் கொஞ்சம் மெலிசாகத் தெரியும், சிக்கரி கலக்காதது அல்லவா. வாங்குவதானால் கிரிஜன் கூட்டுறவுக் கடைகளில் வாங்குங்கள், பழங்குடி விவசாயிகளிடம் கொள்முதல் செய்யும் அரசு நிறுவனம், தேனும் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: கல்யாணமாகி மூன்று மாதம். என் ஆதாரில் இன்னும் அப்பா வீட்டு முகவரியும் அப்பா பெயரும்தான். ஓட்டலில் தொந்தரவு வருமா?
— வாசகி, சேலம்

பதில்: பதினெட்டு வயது தாண்டிய இரண்டு பேர் அடையாள அட்டையோடு அறை எடுப்பதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை, கல்யாணம் ஆனதா இல்லையா என்பதுகூட அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஆனால் சின்ன ஊர் லாட்ஜ் மேனேஜரிடம் ராத்திரி ஒன்பது மணிக்குச் சட்டம் பேசிப் பயனில்லை. முன்பதிவு செய்யும்போதே போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றிதழோ செல்பேசியில் ஒரு படம் இருக்கட்டும். மலையில் சில இடங்களில் சிக்னல் போய்விடும், அதனால் முன்பதிவு விவரத்தையும் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கமும்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகலாம் என்று திட்டம் போட்டோம். விஷயம் தெரிந்து மாமனார், மாமியார் "நாங்களும் வருகிறோம்" என்கிறார்கள். காரில் நாலு பேர் எட்டு நாள். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கவலைப்படாதீர்கள், இதற்கு ரயில்வே ஏற்கெனவே வழி செய்து வைத்திருக்கிறது. அவர்களை சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் விசாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிடுங்கள், நீங்கள் இருவரும் காரில் இரண்டு நாள் நிதானமாகப் போய்ச் சேருங்கள். மலைக்கும் அப்படித்தான். விசாகப்பட்டினத்திலிருந்து காலை ஏழு மணி வாக்கில் கிரந்துல் பாசஞ்சர் கிளம்பும். சத்தீஸ்கர் பக்கத்து பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் ஜப்பான் உதவியோடு போட்ட பாதை, அரக்கு போவதற்குள் 58 சுரங்கம், 84 பாலம். அதில் கண்ணாடிக் கூரை வைத்த விஸ்டாடோம் பெட்டி இணைத்திருக்கிறார்கள், சீட்டு சுற்றும், பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், சுரங்கம் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கூச்சலையும் கேட்டுக்கொண்டு போகலாம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த உடனே போட்டுவிடுங்கள்.

அவர்கள் அரக்கில் இறங்கட்டும், நீங்கள் காரில் அனந்தகிரி வழியாக ஏறிப் போய்க் கூட்டிக்கொள்ளுங்கள். போரா குகைக்கு நாலு பேரும், பீமிலிக்கு நாலு பேரும். கடற்கரைச் சாலை நாளன்று அவர்களை சிம்மாசலம் கோயிலுக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு அரை நாள் முழுசாகக் கிடைக்கும், அங்கே வரிசை எப்போதும் நீளம்தான்.